அடுத்த வூட்டுச் சத்தம்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

சர்ச் ஹால்ல நான் எடுக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல, இன்னைக்கு 'இரிடேட்'ங்கற வார்த்தையை போர்டுல எழுதினேன். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லணும். வர்றவங்க எல்லாம் பீங்கான் பொம்மை கம்பெனியில வேலை பார்க்கிற பொம்பளைங்க. கரண்டு கட்டு இரிடேட் பண்ணுதாம், திட்டக்குடி பஸ்ஸு இரிடேட் பண்ணுதாம், சூப்பர்வைசர் ரொம்பவே இரிடேட் பண்றாராம். ஒரே சிரிப்பு.

கடைசியா செல்வி எழுந்தாங்க. எங்க பக்கத்து வூடு. "நெக்ஸ்ட் ஹவுஸ் சவுண்ட் இரிடேட்ஸ் மீ டெய்லி"ன்னு நிதானமா சொன்னாங்க.

செல்வி வூட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் நாங்க. தினமும் குடிச்சிட்டு வந்து கத்துறது என் வூட்டுக்காரர்.

"என்ன சத்தம்க்கா?"ன்னு பின்னாடி ஒருத்தி கேட்டா.

செல்வி என் பக்கம் திரும்பல. "மிக்ஸி"ன்னாங்க.

வெரி குட்னு சொல்லி உக்கார வெச்சேன். தமிழ்ல ஒரு நாளும் அவங்க இதைப் பத்தி வாயைத் திறந்ததில்ல.

கிளாஸ் முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்து வந்தோம். வெயிலைப் பத்திப் பேசினோம். "வரேன் டீச்சர்"னு சொல்லிட்டு அவங்க கேட்டைத் திறந்துகிட்டுப் போயிட்டாங்க.

எங்க மிக்ஸி ரிப்பேராகிக் கெடக்குது. காலையில எனக்குச் சட்னி அரைச்சுக் குடுத்ததே செல்விதான்.

அவர் வண்டி வர்ற சத்தம் கேக்குது. எழுந்து ஜன்னலைச் சாத்தணும்.