ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே

1965 பிப்ரவரி 9, செவ்வாய்

காலையில் பள்ளிக்கூடத்தில் என் மாணவர்களுக்கு இசை இலக்கணத் தேர்வு. மாலையில் மிச்சிகன் அவென்யூவில் லெம்யூல் கேட்ஸின் ஒலிப்பதிவுக் கூடம். வெர்லீன் ப்ரூயிட்டின் பாடல் இன்று முடிந்தது: ‘அந்த பஸ்ஸை விட்டுவிடு.’ வீட்டுக்குக் கிளம்பும் காதலனிடம், கடைசி பஸ் போனால் போகட்டும், இன்னும் சற்று இரு என்று ஒரு பெண் சொல்வது. பொருள் எனக்கு உவப்பானதன்று. மெட்டு நேர்மையானது. நான்தான் வாத்திய அமைப்புச் செய்தேன், ஆறரைக் கட்டைச் சுருதியில். வழக்கம்போல் சுருதிக்குழலை ஊதிக் காட்டிய பிறகே அவளைப் பாட அனுமதித்தேன். கடைசி வரியின் உச்ச ஸ்வரம் அவள் தொண்டையின் எல்லை. அதற்கு மேல் ஓர் இழைகூட இடமில்லை.

வெர்லீனுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கும் வேலை. குழலைப் பார்த்துக் கேட்டாள்: “புரொஃபசர், தூங்குறப்ப அதைத் தலகாணிக்கு அடியிலதான் வெச்சுக்குவீங்களா?”

குழலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். (இரவில் மேசை இழுப்பறையில் வைக்கிறேன்.)

பிப்ரவரி 19, வெள்ளி

இசைத்தட்டு வந்தது. வீட்டுப் பியானோவோடு ஒத்துப் பார்த்தேன். ஆறரைக் கட்டை அல்ல; ஏழும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, ஏழுக்குச் சற்றே கீழே, எந்தப் பியானோவிலும் இல்லாத ஓர் இடத்தில் பாட்டு நிற்கிறது.

தொலைபேசியில் லெம்யூலைப் பிடித்தேன். அவன் மறைக்கவில்லை. “மூணு நிமிஷத்தைத் தாண்டினா எந்த ரேடியோக்காரன் தொடுவான், ஆம்ப்ரோஸ்? தட்டு வெட்டுறப்ப நாடாவைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொன்னேன், சுருதியும் கூடவே ஏறிடுச்சு, அவ்வளவுதான். குரலைக் கேளு, இப்பதான் முகம் கழுவிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“அது அவள் குரல் இல்லை.”

“யாருக்குய்யா தெரியப்போகுது?”

எனக்குத் தெரிகிறது. அது போதாதா?

மார்ச் 3, புதன்

பிக் ரூபன் தன் வானொலி நிகழ்ச்சியில் வெர்லீனின் பாட்டை இரண்டு முறை ஒலிபரப்பினான். பனிப்பொழிவு.

மார்ச் 20, சனி

முடிவெட்டும் கடையில் காத்திருந்த அத்தனை பேரும் வானொலியோடு சேர்ந்து பாடினார்கள். கத்தியைப் பிடித்திருந்தவரும் பாடினார்; என் கழுத்தை நினைத்து நான் அசையாமல் இருந்தேன். மாடிவீட்டில் அதே பாட்டு, மீன் வறுக்கும் கடையில் அதே பாட்டு. என் மனைவி ஒடெஸ்ஸா பாத்திரம் கழுவும்போதும் அதுதான். “சுருதி சரியில்லை” என்றேன். “பஸ் போயிடுச்சு, இனிமே சுருதி எதுக்கு?” என்றாள்.

வெர்லீன் தபால் நிலைய வேலையை விட்டுவிட்டாளாம். கறுப்பர் வீட்டுப் பெண் ஒருத்தி இந்த ஊரில் அரசாங்க வேலையை உதறுவதென்றால் என்ன என்று லெம்யூலுக்குத் தெரியாதா? அவன்தான் விடச் சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 7, புதன்

நான் அஞ்சியது நடந்துவிட்டது.

சென்ற சனிக்கிழமை மேற்குப் பகுதி நடனக்கூடம் ஒன்றில் வெர்லீன் பாடியிருக்கிறாள். அங்கிருந்த சிறு குழு நான் எழுதிக் கொடுத்தபடி ஆறரைக் கட்டையில் வாசித்திருக்கிறது. கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்களாம்: இவள் குரல் கனமாக இருக்கிறது, தட்டில் இருப்பவள் வேறு எவளோ. இன்று பிக் ரூபன் ஊருக்கே அறிவித்துவிட்டான்: “நம்ம வெர்லீனை நேர்ல பாத்தேன், ஜனங்களே. முகம் அவளோடதுதான். குரலைத்தான் வீட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டா.”

இருபத்து மூன்றாம் தேதி நாற்பத்தேழாம் தெருத் தியேட்டரில் அவளுக்கு ஒரு வார ஒப்பந்தம். அந்தக் கூட்டம் ஒருத்தியைப் பொய்க்காரி என்று முடிவு கட்டிவிட்டால் டெட்ராய்ட் வரை எந்த மேடையும் அவளைக் கூப்பிடாது. திரும்பிப் போக வேலையும் இல்லை.

ஏப்ரல் 15, வியாழன்

நன்கு யோசித்து முடிவெடுத்தேன். மக்கள் கையிலிருக்கும் தட்டே இனி மூலம். மூலத்துக்கு மாறாக மேடையில் பாடுவது முறையன்று. எனவே தட்டுக்கு மிக அருகில் உள்ள ஏழு கட்டை, தட்டின் வேகம். தியேட்டர் குழுவுக்கான தாள்களைப் புதிதாக எழுதி முடித்தேன்.

வெர்லீன் ஒரு முறை பாடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அந்த உசரத்துல எனக்கு வீடே இல்ல, புரொஃபசர்.”

பயிற்சியால் வரும் என்றேன்.

ஒடெஸ்ஸா சமையலறையிலிருந்தே கேட்டாள்: “அப்ப தட்டு சரி, பொண்ணுதான் தப்பு. அப்படித்தானே?”

ஏப்ரல் 23, வெள்ளி

தியேட்டரின் அடித்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே சினிமா ஓடுகிறது, கௌபாய்ப் படம். அது முடிந்ததும் மேடையில் எங்கள் இரண்டாம் காட்சி.

முதல் காட்சியை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். முதல் அடியை அவள் சமாளித்தாள். இரண்டாம் அடியில் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. கடைசி வரி — குரல் உடைந்தது. உடைந்ததென்றால், பாதியில் காற்று மட்டும் வந்தது. பால்கனியில் ஒருவன்: “தட்டுல பாடினவளைக் கூட்டிட்டு வாங்கய்யா!” அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அவள் தலைவணங்காமலே உள்ளே வந்துவிட்டாள்.

தியேட்டர் மேலாளர் என்னிடம்தான் சொன்னார்: “அடுத்த காட்சியிலயும் இதே கதைன்னா, நாளைக்கு வேற ஆளு.”

காரணம் நான்தான். வேற யாரு? ஏழு கட்டை, ஏழு கட்டைன்னு பிடிவாதமா நின்னது நான்தானே. அந்தப் பொண்ணு சொன்னாளே, வீடு இல்லைன்னு...

ஆறரைக்கு மாற்றித் தாள்களை எழுத ஆரம்பித்தேன். எக்காளக்காரர்கள் சீட்டாட்டத்தை நிறுத்தவில்லை. வெர்லீன் வந்து என் பேனாவின் மேல் கையை வைத்தாள்.

“எழுதாதீங்க. எந்தக் கட்டைன்னு எனக்கே தெரியாது. தொண்டை அடி வாங்கியிருக்கு. அங்க போய் நின்னு வாயைத் திறந்தாத்தான் அது எங்க இருக்குன்னு தெரியும்.”

“பின்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வெர்லீன். அவர்கள் எதைப் பார்த்து வாசிப்பார்கள்?”

“நான் தனியா ஆரம்பிக்கிறேன். ஹோஸியா ஆர்கன்ல என்னைப் பிடிச்சுக்கட்டும், மத்தவங்க அவரைப் பிடிச்சுக்கட்டும். சர்ச்சுல சாட்சி சொல்லிப் பாட எந்திரிக்கிற கிழவிக்கு எவன் குழல் ஊதுறான்?”

ஆர்கன்காரர் ஹோஸியா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஞாயித்துக்கிழமைதோறும் அதுதான் எனக்கு வேலை, தாயி. நீ எந்தச் சந்துக்குள்ள போனாலும் நான் பின்னாலயே வந்துடுவேன்.”

இது குழப்பம். தாளில்லாமல், சுருதி சொல்லாமல் தியேட்டரில் ஒரு காட்சியா? ஆனால் என் தாள்கள் என்ன செய்தன என்று இன்று பார்த்தேன். எழுதியதை மடித்து வைத்தேன்.

மேலே துப்பாக்கிச் சத்தம். படம் முடியப்போகிறது.

ஏப்ரல் 24, சனி

நேற்றைய இரண்டாம் காட்சி.

அவள் ஒலிவாங்கியின் முன் நின்று ஒன்றும் செய்யாமல் இருந்தாள். பால்கனியிலிருந்து ஒருவன் பஸ் ஹாரன் போலக் கத்தினான். சிரித்தார்கள். என் கை சட்டைப்பையிலிருந்த குழலை இறுகப் பற்றியிருந்தது. ஊதிவிடலாமா — ஊதினால் என்ன — ஊதவில்லை.

வாயைத் திறந்தாள். நான் நினைத்திருந்ததைவிடக் கீழே, வேகமே இல்லாமல், ஒரு சொல் முடிந்து அடுத்தது வருமா என்று பயப்படும்படி. “மணியைப் பாக்காதே...” ஹோஸியா ஒரு விரலால் தேடி ஆறு கட்டையில் அவளைத் தொட்டுவிட்டார். எக்காளக்காரர்களுக்கு அதைவிடக் கொடுமையான கட்டை கிடையாது. ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இருந்தும் இரண்டாம் அடியில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

அரங்கம் அமைதியாக இருந்தது. நல்ல அமைதியா, கெட்டதா? தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் தொப்பியணிந்த ஓர் அம்மாள் எழுந்தார். “நிதானமா, கண்ணு” என்றார், ஆராதனையில் சொல்வதுபோல. “அவசரமே இல்ல. நிதானமா.” உடனே வேறு பக்கத்திலிருந்து, “சொல்லும்மா, சொல்லு.”

கடைசி வரியில் அவள் உச்சிக்குப் போகவே இல்லை. இருந்த இடத்திலேயே நின்று அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்: இரு, இரு, இரு. பால்கனியில் ஓர் ஆண்குரல்: “இருக்கேன்டி, நான் பஸ்ஸை விட்டுட்டேன்!” தியேட்டரே குலுங்கியது. அவளும் சிரித்துவிட்டாள், பாட்டை விடாமலே. முடிக்க விடவில்லை, மறுபடி, மறுபடி என்றார்கள்.

பாட்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று கவனிக்கவில்லை. நான் கவனிக்காதது இதுவே முதல் முறை.

மேலாளர் வேறு ஆளைத் தேடவில்லை. இன்றைய விளம்பரப் பலகையில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

மே 2, ஞாயிறு

வாரம் முழுவதும் அரங்கு நிறைந்ததாம். பிக் ரூபன் வானொலியில் சொன்னான்: “தட்டுல பாடுறது வெர்லீனோட தங்கச்சி. தியேட்டர்ல பாடுறாளே, அவதான் வெர்லீன். ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.” இதை அவன் மன்னிப்பென்று கருதுகிறான் போலும். தட்டின் விற்பனை இன்னும் ஏறுகிறது.

லெம்யூல் அடுத்த பாடலையும் வேகமாக ஓட்ட விரும்பினான். “என் தங்கச்சியைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்க” என்று வெர்லீன் சொல்லிவிட்டாளாம். அவன் சிரித்தபடிதான் என்னிடம் சொன்னான், ஆனால் விட்டுவிட்டான்.

ஜூன் 8, செவ்வாய்

இரண்டாவது தட்டுக்கான பதிவு. கிளம்பும்போது ஒடெஸ்ஸா வாசலில் நிறுத்தினாள்: “இழுப்பறையில அந்தக் குழலை மறந்துட்டீங்க.” மறக்கவில்லை என்றேன்.

ஹோஸியாவை இம்முறை கூடத்துக்கே வரவழைத்திருந்தேன். வாத்தியக்காரர்கள் எல்லோரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லெம்யூல் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என் கையில் தாள் எதுவும் இல்லாததைப் பார்த்தான்.

“எந்தக் கட்டை, ஆம்ப்ரோஸ்?”

“அவள் இன்னும் வரவில்லை” என்றேன்.