குவாங்சோவில் நீங்கள் நடக்கும் தெருக்கள்

என்னவருக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

சீனாவில், அந்தக் குவாங்சோவில் பஸ்கூட ஏறாமல், நாள் முழுக்க நடந்தே ஊர் பார்ப்பதாகப் படங்கள் அனுப்புகிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தில் அந்தத் தெருக்களைக் குறித்தவள் நான். இருவரும் போவதாகத்தான் விசாவும் விமானச்சீட்டும் எடுத்தோம். கடைசி நேரத்தில் உங்கள் நண்பர் சுகிர்தனிடம், "பொய்க்காலோட இவளுக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது" என்றீர்கள். என்னை விட்டுவிட்டுப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நேற்று அதே பொய்க்காலோடு, நம் பாலையூற்று வீட்டிலிருந்து துறைமுக வாசல் வரை நடந்தேன். தேத்தண்ணிக் கடை அசனா, "ஓட்டோ பிடிக்கட்டோ அக்கா?" என்றா.

"வேண்டாம். நடந்துதான் வந்தனான், நடந்தே போவன்."

கால் புண்ணாகிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டாம்.

என் விமானச்சீட்டைப் பதினாறாம் திகதிக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் வீடு திரும்பும்போது சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். நான் குவாங்சோவில் இருப்பேன், தனியாக.

இன்னும் உங்கள் மனைவிதான்.