முழங்கால் சீட்டில் ஒரு வரி

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. நான் வேலை செய்யும் பிரிண்டிங் கடையில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. பிள்ளையார் சதுர்த்தி பேனர் ஆறு, கல்யாணப் பத்திரிகை நாலு. கண் எரிச்சல்.

வீட்டுக்காரர் மறுபடி கேட்டார், முழங்கால் சீட்டு எப்போ என்று. ஞாயிறு நாலு மணிக்கு இவர்தான் லீடர். முதல் தடவை. நாலு விமானம், இவர் சொல்வதை மற்ற மூன்று பேரும் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற சண்டை விமானம்தான், விளையாட்டுதான். ஆனால் இவர் ஓட்டிய மினி பஸ் ஆக்சிடென்ட் ஆகி எட்டு மாதம், இந்த மனுஷன் நாள் எண்ணிக் காத்திருப்பது இது ஒன்றுக்குத்தான்.

ரேடியோவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தரைக்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று, வானத்திலேயே எண்ணெய் ஊற்றும் டேங்கர் விமானத்துக்கு ஒன்று. வாரா வாரம் மாறும். மற்றவர்கள் பேப்பரில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள். இவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெரிய வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டால் இவருக்கு விமானத்துக்குள் இருப்பதுதான் தெரியும், மேஜையே தெரியாது. விளையாட்டுக்குள்ளேயும் பட்டியல் உண்டு. அதைத் திறக்க இன்னொரு கை வேண்டும். ஆக்சிடென்டுக்கு அப்புறம் இடது கை பிடிக்காது. வலது கையை எடுத்தால் விமானம் தலைகுப்புற இறங்கும்.

அதற்குத்தான் சீட்டு. நான் படமாகச் செய்து உள்ளே போட்டால் பைலட்டின் முழங்கால் மேல் தெரியும். வலது கைக் குச்சியில் ஒரு பட்டன் போதும்.

கூட விளையாடும் குரூப்பில் யாருக்கும் கை விஷயம் தெரியாது. சொல்லவே கூடாது என்று எனக்குக் கண்டிப்பு.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

போன வார நம்பரை வைத்து முதலில் போட்ட சீட்டில் பழக்க தோஷத்தில் பூ பார்டர் வைத்துவிட்டேன். "இன்னாடி செல்வி, இதுக்கு மொய் எழுதணுமா?" என்றார். சிரித்தார். எத்தனை நாளாச்சு.

இன்று மாற்றியது: எழுத்து பெரிசு. கருப்பு மேல் மஞ்சள். தமிழில். நம்பர் வரிசையில் இல்லாமல் வேலை வரிசையில் வைத்தேன். கிளம்ப, ஏற, ரேடார், டேங்கர், இறங்க.

ஓட்டிப் பார்த்தார். "குனியாமயே படிக்க முடியுது. கண்ண இப்டி இறக்கினா போதும்." வேகம் கூட்டுகிற த்ராட்டிலை இடது முழங்கையால் தள்ளுகிறார். முழங்கையில் காய்ப்பு. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால் கோபம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேஜர் இந்த வார நம்பர்களை அனுப்பினார். மேஜர் என்றால் குரூப் தலைவர். கோயம்புத்தூரில் பெயிண்ட் கடை, பட்டாளத்துப் பக்கமே போகாதவர்.

சாப்பாட்டு நேரத்தில் சீட்டு முடித்தேன். நேற்றுப் போட்ட சீட்டைத் திறந்து, போன வார நம்பரை மட்டும் மாற்றி. நடுவில் பத்திரிகைக்கு வந்த ஒரு ஆள் தலைமேல் நின்றுகொண்டு, "ஆச்சாம்மா, ஆச்சாம்மா." இவருக்கு அனுப்பியாச்சு. சரிபார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கூட வேலை செய்யும் மலர், ஞாயிறு அவள் பிள்ளைக்குக் காதுகுத்து, மலைமேல் அவள் ஊருக்கு வந்தே ஆகணும் என்கிறாள். இவரும், "போய்ட்டு வா. நீ பின்னால நின்னுக்கினு இருந்தா எனக்குக் கை நடுங்கும்" என்கிறார். இவர் தோற்றுவிட்டால் பக்கத்தில் யார் இருப்பது?

ஆகஸ்ட் 23, சனி

வாங்க: பிள்ளைக்குச் சட்டை, பழம், வெற்றிலை, இவருக்கு வலி மாத்திரை.

தூக்கம் சரியில்லை. காரணம் இல்லாமல் பயம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

வெள்ளிமலைக்கும் மேலே மலர் ஊர். காலையில் தூறல், சாமைச் சோறு, கறிக்குழம்பு. ஏறும்போதே போனில் சிக்னல் கோடு போச்சு.

பன்னிரண்டு மணிக்கு மலருடைய சித்தப்பா காதுகுத்துப் பத்திரிகையை நீட்டினார். "நீதானம்மா அடிச்ச? கடைசி வரியப் படி." படித்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யாரோ திருக்கோவிலூர் குடும்பத்தின் பெயர். பழைய பத்திரிகையைத் திறந்து பெயரை மாற்றும்போது ஒரு வரி விட்டுப் போகும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதி சிரிப்பில் போனை எடுத்தேன்.

இவர் சீட்டையும் அப்படித்தானே செய்தேன். போனில் படம் இருந்தது. சீட்டில் டேங்கர் 253. மேஜர் அனுப்பியதில் 264. போன வார வரி அப்படியே.

"பாற மேல ஏறினா ஒரு கோடு வரும்" என்றார்கள். பட்டுப்புடவையோடு ஏறினேன். கோடு வந்தது, போனது. மெசேஜ் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் மூன்றரைக்குத்தான்.

மணி 4.20. இப்போது டேங்கரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அது பேசாது.

4.35. இன்னும் கோடு இல்லை. பக்கத்து சீட் அம்மா, "வாந்தி வருதா?" என்கிறார்.

5.05. கச்சிராயபாளையம். மெசேஜ் போய்விட்டது. போய் என்ன.

(வீடு.) டிவி ஓடுகிறது, சத்தம் இல்லாமல். கண்ணாடி பெட்டிக்குள்.

"இன்னாங்க ஆச்சு?"

"டேங்கர் பேசல. எண்ண தீந்து நாலு பேரும் உழுந்தோம்."

"சீட்டுல நான்தான்..."

"மெசேஜ் பாத்தேன். நான் தப்பாப் படிச்சிட்டேன்னு அவங்க கிட்ட சொல்லிட்டேன். உட்ரு."

கூட ஓட்டிய மதுரைக்காரர் பேப்பரில் நம்பர் சரியாக இருந்ததாம். லீடர் சொன்னதால் அவரும் ரேடியோவை இவர் சொன்ன நம்பருக்கே திருப்பினாராம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேஜருக்கு எழுதி வைத்தேன்: 'தப்பு என்னுடையது, அவர் சரியாகத்தான் படித்தார்.' அனுப்பும் முன் இவரிடம் காட்டினேன். போனைப் பிடுங்கினார்.

"எல்லாரும் பேப்பர்ல எழுதிக்கிறான், உனக்கு மட்டும் எதுக்கு சீட்டுன்னு கேப்பான். அப்பறம் கையச் சொல்லணும். அப்பறம் பாவம் பாப்பானுங்க. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் அப்டிப் பாக்கறது போதாதா?"

சாப்பிடவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை. முதல் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அதுபோல் ஆகிவிடுமோ. என் ஒரு வரியால். கடையில் இன்று ஒவ்வொரு பத்திரிகையையும் மூன்று தடவை படித்தேன், முதலாளி முறைத்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை. ஆறு மணிக்கு குரூப் பேச்சு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார். நான் அடுப்படியில், வெங்காயம்.

மேஜர் சுற்றி வளைத்துச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் மதுரை லீட் பண்ணட்டும். நம்பர் படிக்கிறதுல கவனம் வேணுமுங்க."

இவர் போனை அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். நறுக்குவதை நிறுத்தினேன்.

"மேஜர், நான் சரியாத்தான் படிச்சேன். நம்பரே தப்பு. எனக்கு லெஃப்ட் கை வராது. ஆக்சிடென்ட். பேப்பர்லாம் பாக்க முடியாது, என் வூட்டுக்காரி சீட்டு போட்டுக் குடுப்பா. போன வார நம்பர அப்டியே உட்டுட்டா. அது அவ தப்பு. என்னுது இல்ல."

பிறகு மதுரைக்காரர், "ஒரு கையாலயா போன மாசம் அந்தக் காத்துல எறக்குனீங்க?" என்றார். இவர் எப்படி இறக்கினார் என்று சொல்ல ஆரம்பித்தார். முழங்கை, த்ராட்டில், எல்லாம்.

அத்தனை பேர் முன்னால் என் தலையில் போட்டுவிட்டார். கையையும் மறைக்காமல் சொல்லிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் மிச்ச வெங்காயத்தையும் நறுக்கினேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.