பன்னிரண்டு வீட்டு நெல்லைத் தம் வரவென எழுதிய ஏனாதிக்கு

வெண்குன்ற நாட்டு மலைகள் மழை தாங்குக. அதன் குடிகள் பசியறியாது வாழ்க. வேந்தர் பெருநற்கோ அளித்த வரித்துறைக் கணையாழியை இருபத்தோராண்டு விரலில் சுமந்துவரும் அமைச்சன் நம்பி அருவந்தை விடுக்கும் ஓலை. வடவெல்லைக் கடுவன்கோட்டையை படைத்தலைவராய் முப்பதாண்டு காத்து, இன்று அதன் அடிவாரத்தில் மன்னர் கொடுத்த வீரக்கொடை நிலத்தை உழுதுண்டு வாழும் ஏனாதி கொற்றன் மல்லனார்க்கு, எம் தங்கை நல்லினியின் கணவராகிய எம் மைத்துனர்க்கு, வணக்கமும் வாழ்த்தும். உம் முழங்கால் வலி குறைந்ததா என்பதை மறுவோலையில் மறவாது எழுதுக. சென்றமுறை கேட்டதற்கு, கோட்டையில் மழை பெய்ததென்று மறுமொழி எழுதினீர்.

இனிச் செய்தி. மாசித் திங்களில் நீர் விடுத்த தன்மதிப்போலை எம் கைக்கு வந்தது. இந்நாட்டில் வரி கேட்டு அதிகாரி எவர் வாயிலிலும் வந்து நிற்பதில்லை என்பதும், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் தம் வரவைத் தாமே மதித்து, ஆறில் ஒரு பங்கைத் தாமே வகுத்து, தம் கைப்பட எழுதிப் பங்குனி நிறைமதிக்குள் அனுப்புவதே வழக்கம் என்பதும் நீர் அறிந்தவை. அவ்வழக்கப்படி, இவ்வாண்டு உம் களத்தில் இறங்கிய நெல் எண்ணூற்று எழுபது கலம் என்றும், அதற்குரிய இறை நூற்று நாற்பத்தைந்து கலம் என்றும் வெட்டொன்று துண்டிரண்டாக எழுதியிருந்தீர். வகுத்தலில் பிழையில்லை. எழுத்து மட்டும், காவற்படை வரிசையில் நிற்பது போல, மூச்சுவிடாமல் நின்றது.

அவ்வோலையின் அடியில் நீர் சேர்த்த இரண்டு வரிகள்தாம் எம்மை அமரவிடாமல் செய்தன. மழை பொய்த்தமையால் இனி இறை செலுத்தும் வலிமை தமக்கில்லை என்றும், கடன்பட்டு நிற்பதினும் கொடைநிலத்தை மன்னரிடமே திருப்பித் தருவது தகும் என்றும், நிறைமதியன்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். ஏன், எப்படி என்று ஒரு சொல் இல்லை. மைத்துனன் ஒருவன் தலைநகரில் உயிரோடு இருக்கிறானே, அவனை ஒரு வார்த்தை கேட்போம் என்ற எண்ணமும் இல்லை. உண்மையைச் சொன்னால் எமக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முற்றும் தணியவில்லை.

காரணத்தை எமக்குத் தெரிவித்தவள் நல்லினி. அவள்மீது சினம் கொள்ளற்க. அவள் உம்மைப் பற்றிக் குறைகூறி எழுதவில்லை. ஊறுகாய்க்கு நல்ல உப்பு வேண்டுமென்று எழுதிய ஓலையில், பேச்சோடு பேச்சாக, நடுகல் நெல் வந்து இறங்கிய அன்றே பன்னிரண்டு வீட்டுக்கும் அளந்து கொடுத்தாயிற்று என்றும், தம் நிலத்தில் விளைந்த நூற்றைம்பது கலத்தில் இறை போக ஐந்து கலம் மிஞ்சும் என்றும், கடைசிப் பசுவையும் விற்றுவிட்டமையால் இனி மோருக்கு அண்டை வீட்டை நாட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு உம் ஓலையை மீண்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். கணக்கு விளங்கிற்று.

மல்லனாரே, போரில் விழுந்த வீரர் பன்னிருவரின் வீட்டுக்கு அரண்மனை ஆண்டுதோறும் அனுப்பும் எழுநூற்று இருபது கலம் நடுகல் நெல்லை உம் வரவென்று எழுதியிருக்கிறீர். அது அவர்களுடைய நெல். ஆளுக்கு அறுபது கலமாக அளந்து கொடுக்க வசதியாயிருக்கும் என்றே உம் களத்தில் இறக்கப்படுகிறது. அதற்கு இறை இல்லை. வாங்குவோர்க்கும் இல்லை, அளந்து கொடுப்போர்க்கும் இல்லை. பாசறையில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் தலைவனே கணக்குச் சொல்ல வேண்டும் என்ற முப்பதாண்டுப் பழக்கத்தால், களத்தில் இறங்கியதெல்லாம் தம்மது என்று நீர் எழுதிவிட்டீர். வேறெவரும் பிறர் நெல்லைத் தம்மதென்று எழுதியிருந்தால் அதில் ஒரு படியாவது தம் அடுக்களைக்குப் போயிருக்கும். நீரோ அவர்கள் நெல்லை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, அதற்குரிய இறையை உம் சோற்றிலிருந்து கட்டியிருக்கிறீர். உம்மைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எமக்கு விளங்கவில்லை.

எம் பிழையையும் மறைக்க மாட்டோம். சென்ற ஈராண்டும் உம் நிலத்தில் முந்நூறு முந்நூறு கலம் விளைந்திருக்க, நீர் ஆயிரத்து இருபது என எழுதி அனுப்பியதை யாம் நம்பினோம். ஐம்பது கலம் கட்ட வேண்டிய நீர் நூற்றெழுபது கட்டினீர். எல்லை மண்ணில் பொன் விளைகிறது போலும், எம் மைத்துனர் கொழுத்துவிட்டார் என்று அவையில் நகைத்தும் பேசினோம். அன்று நகைத்த வாயை நினைத்து இன்று நாணுகிறோம். அந்த ஈராண்டில் மிகையாக வாங்கிய இருநூற்று நாற்பது கலமும் உமக்குத் திரும்ப வரவேண்டியது; அதைக் கேட்டுப் பெறவும் பிழை திருத்தும் திருத்தோலை ஒன்று எழுதியாக வேண்டும். இவ்வாண்டு நீர் செலுத்த வேண்டியது வெறும் இருபத்தைந்து கலம்.

ஆயினும் இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிறைமதிக்குள் உம் கைப்பட எழுதிய திருத்தோலை வாராவிடின், நிலத்தைத் திருப்பித் தரும் உம் முன்னோலையே நிலைக்கும். நிலமும் கைவிட்டுப் போகும். மன்னரே நினைத்தாலும் அதை மாற்ற இயலாது, சட்டம் அப்படி. உம் ஏரையும் வண்டியையும் நம்பி உழும் அந்தப் பன்னிரண்டு வீடும் அதோடு தவிக்கும். இன்றைக்கும் நிறைமதிக்கும் இடையே பதினெட்டு நாளே உண்டு.

கணக்கறியாதவர் துணைக்கை ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்றும், அவர் அருகிருந்து சொல்ல, உரியவர் எழுத, இருவரும் அடியில் ஒப்பமிட வேண்டும் என்றும் சட்டம் இடந்தருகிறது. சென்ற ஆண்டே ஊர்க்கணக்கர் அதற்கு முன்வந்தார் என்றும், தம் ஓலையைத் தாமே எழுத மாட்டாதவன் தலைவனாக இருந்ததே பிழை என்று சொல்லி நீர் அவரைத் திருப்பி அனுப்பினீர் என்றும் கேள்விப்பட்டோம். இது என்ன வீம்பு என்று எமக்குப் புரியவில்லை. முப்பதாண்டில் உம் குதிரைக்கு நீரே லாடம் அடித்தீரோ? தோளில் தைத்த அம்பை நீரே பிடுங்கினீரோ? கொல்லனை அழைத்தீர், மருத்துவனை அழைத்தீர், அதனால் உம் வீரம் ஒரு முழம் குறைந்துவிடவில்லை.

அதுவும் இருக்கட்டும். இருபத்தாறு ஆண்டுக்கு முன், கணக்குப் பார்க்க யாம் கடுவன்கோட்டைக்கு வந்த நாளை நினைவுகூர்க. குதிரையேறத் தெரியாத எம்மை, படை விழிக்குமுன் நாள்தோறும் நீரே தூக்கிச் சேணத்தில் அமர்த்தினீர்; பதினோரு நாளும் ஒருவர்க்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் யாம் சாணக்குவியலில் விழுந்ததையும் சொல்லவில்லை. தங்கையை உமக்கே கொடுப்பதென்று யாம் உறுதிகொண்டது அங்கேதான். அதை இதுவரை உம்மிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டோம்.

ஆகவே உமக்குத் துணைக்கையாக யாமே வருகிறோம். வரித்துறையில் பதவி வகிப்போர் துணைக்கை ஆகலாகாது என்பது விதி. அவ்விதியை எழுதியதும் யாமே. அதனால் இவ்வோலைக்கு முத்திரையிட்டதும் கணையாழியைக் கழற்றி வேந்தர் திருமுன் வைக்கிறோம். அமைச்சுப் பொறுப்பை நிறைமதிவரை வேறொருவர் பார்ப்பார். எம் எண்ணத்தைக் கேட்ட வேந்தர், திரும்ப வந்து கணையாழியை அணிந்துகொள்ளலாம் என்றும், அதற்குள் பொறுப்பேற்றவர் நன்றாகச் செய்துவிட்டால் தாம் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் அருளினார். விளையாட்டாகச் சொன்னாரா என்பது தெரியாது. எதுவாயினும் வருவதாக முடிவு செய்துவிட்டோம்.

ஓலையில் பிழை நேர்ந்தால் தண்டத்தில் பாதி துணைக்கையைச் சாரும் என்பதால், எம் வீட்டையும் எண்ணியாவது, சொல்வதைச் சொன்னபடி எழுதுக. யாம் வரும்வரை எழுத்தாணியைத் தொட வேண்டா. பன்னிருவர் பெயரையும், அவரவர் வீட்டார் நெல் பெற்றுக்கொண்டதற்கான அடையாளத்தையும் திரட்டி வைப்பது மட்டும் உம் பணி. பெயர்கள் உமக்கு நெஞ்சில் இருக்கும் என்பதை அறிவோம்; இம்முறை அவற்றை ஓலையிலும் எழுதுவோம்.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் உம் வாயிலில் இருப்போம். நல்லினிக்கு உப்பு கொணர்கிறோம். உப்பு வண்டிக்குப் பின்னே கன்றோடு ஒரு பசுவும் வரும். அது அரசுடையதன்று, தமையன் தங்கைக்குத் தருவது. வேண்டாமென்று சொல்லும் உரிமை உமக்கில்லை. அதை உம் வரவில் எழுதினீராயின் எழுத்தாணியைப் பிடுங்கி எறிவோம்.

இது கட்டளை. இதனை மீறாது ஒழுகுக. கடுவன்கோட்டை வாழ்க, அதைக் காத்த கை வாழ்க.

வெண்குன்ற வேந்தர் பெருநற்கோவின் ஆணையால், வரித்துறைக் கணையாழி பொறித்தது. பங்குனித் திங்கள் வளர்பிறைக்கு முன் மூன்றாம் நாள்.

கணையாழியைக் கழற்றிய பின், வெறும் விரலால் எழுதியது: குதிரையில்தான் வருகிறேன். இன்னும் ஏறத் தெரியாது. திரும்பும்போது தூக்கிவிட நீர் வேண்டும்.

நல்லினியின் தமையன், அருவந்தை.