ஆவாரையில் அடித்த மருந்து

அன்பு மகளுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் விரலில் ஊசி ஏறியதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தை விட்டு காஜா மிஷினில் உட்கார்ந்தும் கையெழுத்து கெடவில்லை பார்.

நம் தையல் கடைக்குப் பின்னால் கல்லும் மண்ணுமான இடத்தில் நீ நட்டுவிட்டுப் போன ஆவாரை, தண்ணீரே கேட்காமல் ஜன்னல் உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது, வண்டும் பட்டாம்பூச்சியும் வந்தன, உள்கிளையில் தேன்சிட்டு கூடு தொங்கவிட்டு இரண்டு குஞ்சு பொரித்தது. பிறகு பச்சைப் புழு வந்தது. வரும், அதுதான் பட்டாம்பூச்சியாகும், ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொல்லித்தான் போனாய். ஆனால் ஒரு புழு ஜன்னல் வழியாக வந்து, நர்சுகளுக்குத் தைத்த வெள்ளைக் கோட்டின் காலரில் ஏறியிருக்கிறது, பார்க்காமல் அதன்மேலேயே உன் அப்பா இஸ்திரியை இழுத்துவிட்டார். பச்சையாக ஒரு கோடு. கரப்பானுக்கு வாங்கிய மருந்து டப்பாவை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தான். இதை எழுதணுமாம்மா என்கிறாள் உன் தங்கை, எழுது என்றேன்.

செடி முழுக்க அடித்தார். மறுநாள் புழுவெல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்தன, எறும்பு மொய்த்தது, ஒரே நாற்றம். அந்தப் புழுவைப் பொறுக்கித்தான் தாய்ச்சிட்டு ஊட்டியிருக்கிறது, கூட்டுக்குள் குஞ்சு இரண்டும் வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தன. எத்தனை சோப்பு போட்டாலும் என் கையை முகர்ந்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஜன்னலுக்கு ஒரு துண்டு வலைத்துணி அடித்திருந்தால் முடிந்திருக்கும், துணியிலேயே புரளுகிற எங்களுக்கு அது தோன்றவில்லை.

குஞ்சு வெயிலில் செத்துப்போச்சுன்னு எழுதிடு என்றார் அப்பா. அன்றிலிருந்து அவர் போடும் டீயை நான் தொடுவதில்லை. நேற்று ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி முட்டை வைக்க அதே இலைகளைச் சுற்றியது. அப்பா கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடி, தோள் துண்டை வீசி, இங்க வேணாம்மா, வேற எங்கயாவது போம்மா என்று விரட்டினார். இன்றைக்கும் செடியருகிலேயே நிற்கிறார்.

நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இந்த மருந்து இலையை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர்களிடம் கேட்டு உடனே எழுது. அதுவரை மனிதர் உள்ளே வரமாட்டார்.

உன் அம்மா