கடலில் ஒட்டிய பச்சைப் பொட்டுகள்

இன்று மாலை ஒரு காபிக் கடையில் சுவரை முகர்ந்துகொண்டு நின்றபோது பிடிபட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பழைய துறைமுகத்தில் வெங்காயக் கிட்டங்கி இருந்ததே, மாலத்தீவுக்குப் போகிற மூட்டைகளைக் கூரைவரை அடுக்கி வைப்பார்களே, அதுதான் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. வெள்ளையடித்து மஞ்சள் விளக்கெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் கடைசித் தூணுக்குப் பின்னால் அந்த வாசனை போகவில்லை. வெங்காயம், சணல் சாக்கு, உப்புக்காற்று. மூக்கைச் சுவரோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் காவலாளி.

"என்ன மேடம், மயக்கமா வருதா?"

கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், நாலு கல்லூரிப் பிள்ளைகள் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் தவழ ஆரம்பித்துவிட்டார்கள். திருகாணி என் காதில் பத்திரமாக இருந்தது. முந்தானையால் காதை மூடிக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் தேடினேன். நல்ல பிள்ளைகள். கிடைக்கவில்லை என்று என்னைவிட அவர்கள்தான் வருத்தப்பட்டார்கள்.

அந்த வாசனைக்குள் நீ நின்றிருந்தாய். அதனால்தான் இழுத்தேன்.

துறைமுக வாசலுக்கு எதிரே உன் சாப்பாட்டுக் கடை. பக்கத்து மாடியில் சரக்கு ஏற்றுமதிக்குக் காகிதம் தயார் செய்கிற எங்கள் ஆபீஸ். பிறந்தது நாசரேத், குடியிருப்பது நகரத்துக்கு வெளியே புதுக்கோட்டையில்; அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும் என்னைப் பார்த்ததும், "ஏளா, நாசரேத்துக்காரி வந்துட்டா, குழம்ப மூடி வைங்க" என்று சத்தம் போடுவாய். விளமீன் குழம்பில் துண்டை எண்ணிப் போடும் நீ, புதுச் செய்தி கொண்டுவந்தால் எனக்கு மட்டும் தலையையும் சேர்த்துப் போடுவாய். தோணி ஓட்டும் தண்டல்மாரில் யார் எந்தத் தோணியை விட்டு எந்தத் தோணிக்கு மாறினார், யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது என்பதெல்லாம் நான் அப்படிச் சம்பாதித்த மீன் தலைகள். செய்தி இல்லாத நாளில் ஒன்றிரண்டை நானே உண்டாக்கியதும் உனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் சமையல்காரர். கடலில் அவர் சமைப்பார், கரையில் நீ சமைப்பாய், வீட்டு அடுப்பு எரியாது. உங்கள் கல்யாண நாளுக்கு இரண்டு பேரும் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சால்னா சரியில்லை என்று சண்டை போட்டதை நான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பெரிய கப்பலெல்லாம் எப்போதோ புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டது, இந்தப் பழைய இடத்தை நகரத்தின் ஒரு பகுதியாகவே மாற்றப் போகிறோம் என்றார்கள். வீடுகள், கடைகள், ஆபீஸ்கள், நடக்க ஒரு பாதை, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெரிய விடுதி. அவர்கள் போட்டுக் காட்டிய திட்டப் படம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தோணிகள் எங்கே என்று தேடினால், தெற்கே வெகுதூரத்தில் ஒரு மூலையில் சின்னக் கோடாக இருந்தன. விடுதி நிற்க வேண்டுமென்றால் தோணித்துறை நகர வேண்டும்.

நீ படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். "தோணி இல்லாத எடத்துல நான் யாருக்குளா சோறு போட? போட்டோ புடிக்க வாரவனுக்கா?" என்றாய். அன்று குழம்பில் உப்பு இல்லை. எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். கச்சான் காற்று அடிக்கிற காலம், தோணி ஒன்றும் ஓடவில்லை. ஆகையால் ஆட்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள், நீ எல்லோரையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாய். நடு மேசையில் கட்டில் அகலத்துக்கு ஒரு வரைபடம். ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு கொடுத்து, உங்களுக்கு எது எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுங்கள் என்றாள் ஒரு கட்டட வடிவமைப்பாளர் பெண். "பொட்டே வைக்காத ஒங்க சர்ச்சுல இத எங்கன ஒட்டுவிய?" என்று என்னை இடித்தாய். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று நான் அங்கே ஒட்டினேன்.

நீ போய்க் கடலில் ஒட்டினாய்.

"அம்மா, அது தண்ணி. தரையில ஒட்டணும்" என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

"தண்ணின்னு தெரியும் தாயி. எங்க ஆளுவ தரையிலயா இருக்காவ? இங்கனதான் இருக்காவ."

உனக்குப் பின்னால் வந்த தண்டல்மாரும் மாலுமிகளும் ஒருத்தர் விடாமல் அங்கேயே ஒட்டினார்கள். தோணிக்காரர்களிடம் இடத்தைக் காட்டச் சொன்னால் நங்கூரம் போடுகிற இடத்தைத்தான் காட்டுவார்கள் என்று பாவம், படம் போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? வெறும் வெள்ளையாக விட்டிருந்த கடல் முழுக்கப் பச்சை. ஒரு அதிகாரி எட்டிப் பார்த்து, "கடலுக்குள்ள பிளாட் கேக்காங்களோ?" என்றார். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய், ஆனால் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கோபம் முழுக்க என் மேல் திரும்பியது. "படிச்சவளாம் படிச்சவ! எதுனாலும் கேளுன்னு சொல்லுதாவ, இவ கக்கூஸ் கேக்கா!"

அடுத்த கச்சான் வருமுன் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "படம் என்ன ஆச்சுளா?" என்றுதான் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையிலேயே ஒரு செய்தி கைவசம் இல்லாமல் உன் முன்னால் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

இப்போது கைவசம் இருக்கிறது, கேள். விடுதி இல்லை. தோணிகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன, புது வீடுகளும் கடைகளும் அவற்றைச் சுற்றி எழும்புகின்றன. பாதி முடிந்துவிட்டது. நடைபாதையில் ஆள் நடக்கிறது, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெங்காய மூட்டையும் போகிறது. "வழி, வழி!" என்ற சத்தம் கேட்டால் காபிக் கோப்பையோடு ஒதுங்கிக்கொள்ள ஊர் பழகிவிட்டது. முதல் மாடிக்குக் குடிவந்த ஒரு அம்மா பால்கனியிலிருந்து, "அண்ணாச்சி, ஒரு கிலோ கெடைக்குமா?" என்று கேட்க, "மாலத்தீவுக்கு வாங்க, தாரேன்" என்கிறான் மூட்டை ஏற்றுகிறவன். அவள் இப்போது கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறாள். அதில் வெங்காயமும் விழுகிறது என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உன் கடைக்கும் புது வரிசையில் இடம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் கடலை விட்டுக் கரையேறி நடத்துகிறார். தோணி ஆடும் என்று குழம்பைப் பாதிச் சட்டிக்கு மேல் வைக்க மாட்டார், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் மத்தியானமே தீர்ந்துவிடுகிறது. சாப்பிட வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்க வீட்டுக்காரி ஒட்டின பொட்டுலதான் இந்தத் தொறை நிக்கி" என்று கதை சொல்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

என்னிடமும் உன்னுடைய குணம் ஒன்று ஒட்டிக்கொண்டது. போன மாதம் ஒரு கூட்டத்தில் எழுந்து, புதுக்கோட்டையிலிருந்து நேராகத் தோணித்துறைக்குப் பஸ் வேண்டும், கடைசி ஆள் வீட்டுக்குப் போகிறவரை ஓட வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. "எழுதிக்கிடுங்க" என்றேன், அப்படியே உன் குரலில். எழுதிக்கொண்டார்கள்.

நேற்று அந்த வடிவமைப்பாளர் பெண் கடைக்குச் சாப்பிட வந்தாள். பொட்டுக் கதையை உன் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து முழுதாகச் சொன்னோம். ரசித்துக் கேட்டாள். கை கழுவப் போனபோது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: விடுதி கட்ட வேண்டிய இடத்தில் துளையிட்டுப் பார்த்ததில் அடியில் வெறும் சேறு என்று தெரிந்து, விடுதிக்காரர்கள் நாம் பொட்டு ஒட்டிய அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே விலகிவிட்டார்களாம்.