வாப்பா ஏறாத பின்சீட்

என் அன்பான காக்காவுக்கு, உங்கள் கப்றுக்குழி வரைக்கும் இந்தத் தம்பியின் ஸலாம் வந்து சேரட்டும்.

நீங்கள் மௌத்தான பிறகு உங்கள் மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்தது. வாப்பா இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார். நான் கூட்டிப் போகிறேன் என்றால், "ஒனக்குப் பின்னால நான் ஏற மாட்டன் மகன்" என்கிறார். பல வருடங்களுக்கு முன் இதே சைக்கிளில் சம்மாந்துறையிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது அவரை விழுத்தியவன் நான்தானே. அந்தக் கால் இன்னும் நேராகவில்லை.

எப்படியாவது ஒருமுறை அவரை ஏற்றிவிட வேண்டும் என்று புதுப் பின்டயர் போட்டேன். நீங்கள் எப்போதும் அளவுக்குச் சின்ன டயர்தான் போடுவீர்கள். நான் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். சரியான அளவு போட்டதும் தொல்லை தொடங்கியது. தனியே ஓடினால் ஒன்றுமில்லை. பின்னால் என் மனைவி ஏறினால் மட்டும் பின்சில்லு இடப்பக்கம் உரசி, டயர் ரப்பர் கருகி மணந்தது. "எறக்கி உடுங்க, நான் நடந்தே வாறன்" என்றாள்.

ஷொக் அப்சோபரை மாற்றினேன். செயினைத் தளர்த்தி, சில்லை வலப்பக்கம் தள்ளியும் பார்த்தேன். உரசல் நிற்கவில்லை. கடைசியில், நீங்கள் வழக்கமாகத் திருத்தக் கொடுக்கும் மன்சூர் பாஸின் கராஜுக்குத்தான் கொண்டுபோனேன்.

அவர் சில்லைக் கழற்றி, அதைத் தாங்கும் இரும்புக் கையைத் தடவினார். பெயின்ட்டுக்குக் கீழே பழைய ஒட்டு; அந்த இடத்தில் கை லேசாக வளைந்திருந்தது.

"இது நான் வெச்ச வெல்டிங்தான் தம்பி. காக்கா மாட்டோட அடிபட்டு வந்த நேரம். வாப்பா சம்மாந்துறையால வரக்குள்ள விழுந்தாரே, அதுக்கு மொத நாள். நேராக்கித் தார வரைக்கும் பின்னுக்கு ஆள ஏத்தப்படா எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன்."

"காக்காட்டயா சொன்னீங்க?"

"ஓம். வாப்பாக்குத் தெரியவேணாம் எண்டார். ஒங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நெனச்சித்திருந்தன்."

எனக்கு எப்படித் தெரியும் காக்கா? மறுநாள் காலையில் சாவியை என் கையில் தந்து, "எனக்குக் கொஞ்சம் வேல இரிக்கி, வாப்பாவ நீ கூட்டித்து வா" என்றுதானே சொன்னீர்கள். வளைவில் சில்லு இறுகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இவனுக்கு ஓடத் தெரியா வாப்பா" என்று நீங்கள் ஏசியபோது, நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வாப்பாவின் ஏச்சுக்குப் பயந்தீர்களா? சரி, அன்றைக்குப் பயந்தீர்கள். அதற்குப் பிறகு? அதை நேராக்காமலே, உரசாத சின்ன டயரைப் பூட்டி வாப்பாவை ஏற்றிக்கொண்டு என் வாசலால் போகும்போதெல்லாம், நல்ல பிள்ளைப் பெயர் உங்களுக்கு இனித்ததா?

உங்கள் ஜனாஸாத் தொழுகைக்கு முன் சபையில் எழுந்து நின்றவனும் நான்தான். "எங்கட காக்கா ஆருட மனசயாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க" என்று தேம்பித் தேம்பிக் கேட்டேன். எல்லாரும் செய்தார்கள். நானே செய்யவேண்டிய ஒரு மாப்பு பாக்கி இருந்தது அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் வாயால் கேட்டிருப்பேனா?

வேறொரு பழைய சைக்கிளின் இரும்புக் கையைத் தேடிப் பிடித்துப் பூட்டினோம். இப்போது சில்லு நடுவில் நிற்கிறது; இரண்டு பக்கமும் தாராளமாக விரல் போகிறது.

நேற்று ஜும்ஆவுக்கு வாப்பாவின் வாசலில் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வாப்பா சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார். "காக்காட சைக்கிள்தானே. அவன் பழுதான சாமான வெச்சிருக்க மாட்டான்" என்று சொல்லி, என் தோளைப் பிடித்து ஏறினார்.

இத்தனை வருடத்தில் முதல் தடவை. அதுவும் உங்களை நம்பி.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் உயிரோடு இருக்கும்வரை சொல்லவும் மாட்டேன். அது வாப்பாவுக்காக, உங்களுக்காக இல்லை. உங்களுக்கு நான் தரும் வாக்கு வேறு. மறுமை நாளில் மஹ்ஷர் மைதானத்தில் எவ்வளவு கூட்டத்துக்குள் நின்றாலும் தேடி வந்து உங்கள் கையைப் பிடிப்பேன். அன்றைக்கு விழுத்தியது யாரென்று, வாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தம்பி